ஹாஃப் ரைம் மாமி

அன்று அந்தக் கொரிடோரில் நின்றவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தேநீர் விற்கிற ரீ யன்னலுக்குப் பின்னால், ஸ்டூலில், மாமி. யன்னலுக்கு முன்னால், கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி குணம். சுவரோடு சாய்ந்துகொண்டு மலேசியாக்காரர். வெளிக்கதவடியில் பிறவுண் கோட்டு போட்ட வெள்ளைக்காரர், பந்தயம் பிடிப்பவர். வாளியும் மொப்புமாக நான்.

ஐந்து பேர். நான் எண்ணினால் ஐந்து. மாமியைக் கேட்டிருந்தால் அதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருப்பார்.

பிளேஸ்டோவுக்கும் அப்டன் பார்க்குக்கும் நடுவில் ஒரு விளையாட்டு மண்டபம் இருந்தது. இப்போது இல்லை. இடித்து வீடு கட்டிவிட்டார்கள். எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே கிளீனர். சம்பளத்துக்கு விளையாடுகிற ஒரு கூடைப்பந்து அணிக்கு அதுதான் சொந்த மைதானம். ஞாயிறு பின்னேரங்களில் ஆட்டம். அமெரிக்காவிலிருந்து கூட்டிவந்த இரண்டு நெடுவல்கள், மிச்சம் இங்கத்தையப் பெடியன்கள். ஹாஃப் ரைம் இடைவேளைக்கு விசில் அடித்ததும் இரண்டு அணியும் அந்தக் கொரிடோரால் உடுப்பு மாற்றும் அறைக்குப் போவார்கள். வியர்வை சொட்டும். அவர்கள் போனபின் துடைப்பது என் வேலை. துடைக்காவிட்டால் திரும்பி வரும்போது வழுக்கும்.

கொரிடோரின் நடுவில் ரீ யன்னல். அதற்குப் பின்னால் ரீ போடுகிற ஒரு சின்னக் குசினி. அங்கே மாமி.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. கேட்கவுமில்லை. எல்லோருக்கும் மாமி. பிளேஸ்டோவில் மருமகள் வீட்டில் ஒரு அறையில் இருந்தார். மருமகள்தான் வேலையும் எடுத்துக் கொடுத்தது. சேலைக்கு மேலே ஆம்பிளைக் கார்டிகன். காலில் கம்பளிச் சொக்ஸ், அதற்கு மேலே செருப்பு. இங்கிலீசில் மூன்று சொல் வைத்திருந்தார். ரீ. சுகர். நெக்ஸ்ட். அது போதுமாக இருந்தது.

அந்த யன்னலுக்கு ஒரு தகரச் ஷட்டர். அது பாதியில் இறுகிப்போய் நின்றது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. ஸ்டூலில் இருந்தால் வெளியே நிற்கிறவர்களின் இடுப்புக்குக் கீழேதான் தெரியும். மாமி மற்றவர்களைப் பார்த்தது அப்படித்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் யன்னலடியால் போனேன். உள்ளேயிருந்து ஒரு குரல்.

"தம்பி, வலது காலிலை ஆணி கிடக்கு. வெட்டாதை. களிம்பு பூசு."

ஆணி இருந்தது. யாருக்கும் சொன்னதில்லை. குனிந்து பார்த்தேன். மாமி கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

சில மாதம் கழித்து கிரீன் ஸ்ட்ரீட் மரக்கறிக் கடையில் நேருக்கு நேர் நின்றோம். நான் சிரித்தேன். மாமி யாரோ எவரோ என்று பார்த்தார். பிறகு கீழே பார்த்தார்.

"ஓ, நீயே மோனை" என்றார்.

ஒருமுறை கவுன்சிலிலிருந்து ஷட்டர் திருத்த ஒரு ஆள் வந்தான். ஏணி, பெட்டி எல்லாம் கொண்டு வந்தான். மாமி அவனுக்கு ரீ கொடுத்தார். பிஸ்கற் கொடுத்தார். இன்னொரு ரீ கொடுத்தார். பிறகு கையை விசுக்கி "நெக்ஸ்ட்" என்றார். அவனுக்கு விளங்கவில்லை. நான் வந்து, அம்மாவுக்கு இப்படியே இருக்கட்டுமாம் என்றேன். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போனான்.

"ஏன் மாமி, திறந்தால் ஆக்களின்ரை முகம் தெரியுமல்லோ?"

"முகத்தைப் பாத்து என்ன செய்யிறது? முகம் எல்லாருக்கும் கிடக்கு."

மாமி ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. குசினியிலிருந்து நாலு எட்டு வைத்தால் மண்டபக் கதவு. ஆட்டம் நடக்கும்போது கூட்டம் கத்தும், பந்து அடிக்கிற சத்தம் சுவருக்குள்ளால் வரும். அவர் சீனி நிரப்பிக்கொண்டிருப்பார். ஒரு நாள் மலேசியாக்காரர் விடாப்பிடியாகக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் இருத்தினார். மாமி தன் மடியைப் பார்த்தபடி இருந்தார்.

"எப்ப ஹாஃப் ரைம்?" என்று கேட்டார்.

"இப்பதான் தொடங்கி இருக்கு மாமி."

"அப்ப நான் போயிட்டு ஹாஃப் ரைமுக்கு வாறன்."

அன்றிலிருந்துதான் ஹாஃப் ரைம் மாமி என்ற பெயர்.

மலேசியாக்காரர் ஈப்போப் பக்கம். படிக்க வந்து, படித்து, ஒரு ஒஃபிஸில் கணக்குப் பார்க்கிறவர். பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து விளையாடினவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். நல்ல மனுஷன். குணத்தை ரிக்கெற் இல்லாமல் பின்வாசலால் விட்டது நான். ஆனால் ஆட்டத்தை எங்களுக்கு விளங்கப்படுத்தினது அவர்.

குணத்துக்கு முப்பது வயது இருக்கும். பெற்றோல் ஷெட்டில் வேலை. கலியாணம் கட்டி ஐந்தாம் மாதம் இங்கே வந்தவன். பெண்சாதி மலர் கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்றாள். எப்படியாவது அவளை இங்கே எடுக்க வேண்டும். அவனுடைய வாயில் வேறு கதை இல்லை.

பந்தயம் எப்படித் தொடங்கியது என்றால், பிறவுண் கோட்டுக்காரரால். அவர் ஆட்டம் தொடங்க முதல் காசு வாங்க மாட்டார். இடைவேளையில்தான் கொரிடோர் வாசலுக்கு வந்து நிற்பார். பாதி பார்த்தவனுக்கு மிச்சமும் தெரிந்த மாதிரி இருக்கும், அப்போதுதான் காசு வெளியே வரும் என்று மலேசியாக்காரருக்குச் சொன்னாராம். உண்மைதான். ஆட்கள் ரீயைக் குடித்துக்கொண்டே அவரிடம் கொடுத்தார்கள். யார் வெல்லும் என்று. எவ்வளவு வித்தியாசத்தில் என்று.

ஒரு நாள் குணமும் மலேசியாக்காரரும் யன்னலடியில் நின்று வாதாடினார்கள். எங்கள் அணி முன்னுக்கு நின்றது. குணம் எங்கள் பக்கம் போடப் போனான். உள்ளேயிருந்து மாமி சொன்னார்.

"நீலச் சப்பாத்து. வெள்ளை லேஸ். அது தவறும்."

"என்ன மாமி?"

"அது தவறும் எண்டன். சீனி எத்தினை?"

நீலச் சப்பாத்து, வெள்ளை லேஸ் எங்கள் அணியின் ஒன்பதாம் நம்பர். நெடுவல். அவனை வைத்துத்தான் நாங்கள் முன்னுக்கு நின்றோம். மலேசியாக்காரர் சிரித்தார். குணம் சிரித்துக்கொண்டே எதிர்ப் பக்கம் ஒரு பவுண் போட்டான். இரண்டாம் பாதியில் ஒன்பது எறிந்த பந்தெல்லாம் வளையத்தில் பட்டு வெளியே போனது. சும்மா நின்று எறிகிறதும் போகவில்லை. கடைசியில் அவன் தன் கையைத் தானே பார்த்தான்.

அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. விசில் அடித்ததும் குணம் யன்னலடிக்கு ஓடி வருவான்.

"ஆர் தவறும் மாமி?"

மாமி ரீ ஊற்றுவதை நிறுத்துவார். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் கையை ஊன்றி, போகிற கால்களைப் பார்ப்பார். கடைசிக் கால் போனபின்தான் வாய் திறப்பார். எப்போதும் சப்பாத்தைத்தான் சொல்வார். பச்சைக் கோடு. கிழிஞ்ச நாக்கு. கறுப்பு, குதி தேஞ்சது. நம்பர் சொல்ல மாட்டார். நம்பர் முதுகில் இருக்கிறது, அவருக்குத் தெரியாது. மலேசியாக்காரர் அதை நம்பராக்கிச் சொல்வார். குணம் வாசலுக்குப் போவான்.

சில நாள் "ஒண்டுமில்லை" என்பார். அன்று குணம் போட மாட்டான்.

மாமி ஒரு சதமும் போட்டதில்லை. வென்ற காசில் பங்கும் வாங்கவில்லை. கிரீன் ஸ்ட்ரீட்டில் வெற்றிலை வாங்கிக் கொடுத்தால் வாங்குவார். அதையும் மணந்து பார்த்துவிட்டு, "வாடல்" என்று குறை சொல்வார்.

"மாமி, உங்களுக்கு டிவி வாங்கிக் குடுத்தா அதுலயும் கீழ்ப்பாதியதான் பாப்பீங்க போல" என்பார் மலேசியாக்காரர்.

"மேல் பாதியை நீ பார் ராசா. அதுக்குத்தானே உனக்குக் கண்ணாடி போட்டுக் கிடக்கு."

எப்படித் தெரிகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"நடக்கேக்கை கால் நிலத்தைப் பிடிக்கோணும். சிலதுக்குப் பிடிக்காது. மேலாலை போகும்."

"அவங்களுக்குத் தெரியுமோ?"

"அவங்கள் கீழை பாக்கிறதில்லையே."

அதற்கு மேல் கேட்க எனக்குப் பிடிக்கவில்லை. நான் போனபிறகு என் காலைப் பார்க்கிறாரோ என்று இருந்தது. கொஞ்ச நாள் யன்னலைத் தாண்டும்போது வாளியைக் கால் பக்கமாகப் பிடித்துக்கொண்டு போனேன். மாமிக்கு அது விளங்கியிருக்கும். 

மண்டபத்தில் ஒரு காவல்காரக் கிழவர் இருந்தார். வெள்ளைக்காரர். இடுப்பில் சாவிக் கொத்து. நாங்கள் சாவிக்காரர் என்போம். இடைவேளையில் அவரும் அந்தக் கொரிடோரால் நடந்து வந்து, தன் பெரிய கோப்பையை யன்னலுக்குள் நீட்டுவார். மாமி மூன்று சீனி போட்டுக் கொடுப்பார்.

மாரிகாலத்து ஞாயிறு ஒன்று. கால்கள் எல்லாம் போய் முடிந்தன. குணம் கேட்டான்.

"ஆர் தவறும் மாமி?"

"ஒண்டு தவறும்."

மலேசியாக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒண்ணா நம்பரே கிடையாது மாமி. இந்த ஆட்டத்துல நாலுல இருந்துதான் நம்பர்."

"சப்பாத்தைச் சொல்லுங்கோ மாமி. எந்த நிறம்?" என்றான் குணம்.

மாமி குழாயைத் திறந்தார். சாவிக்காரரின் கோப்பையைக் கழுவித் துடைத்து, மேல் தட்டில் கவிழ்த்து வைத்தார். குணம் சலித்துக்கொண்டு அன்று போடாமல் விட்டான்.

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போக, முன்கதவு பூட்டிக் கிடந்தது. வேறொருவன் வந்து திறந்தான். கிழவருக்கு நித்திரையில் நெஞ்சு நின்றுவிட்டதாம்.

ஞாயிறு குணம் வந்து யன்னலில் தட்டினான். "மாமி, கேள்விப்பட்டனீங்களோ? சாவிக்காரர் தவறிட்டார்."

"ஓம்" என்றார் மாமி. "ரீ போடவோ?"

அவ்வளவுதான். ஆட்டம் தொடங்கியது. நாங்கள் வேறு கதைக்குப் போய்விட்டோம்.

இனி அந்த நாள்.

ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கொழும்பிலிருந்து குணத்துக்குப் போன் எடுத்திருந்தான். ஒரு கூட்டம் வெளிக்கிடுகிறது. மலருக்கு இடம் இருக்கிறது. திங்கட்கிழமைக்குள் முழுக் காசும் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. பிறகு எப்போது என்று சொல்ல ஏலாது. லொட்ஜில் பொலிஸ் இரண்டு முறை வந்து போயிருந்தது. மலர் போனில் அழுதாளாம்.

குணத்திடம் பாதிக் காசு இருந்தது. சீட்டு எடுத்து, ஷிப்ட் மேல் ஷிப்ட் செய்து சேர்த்தது. மற்றப் பாதிக்கு அவன் போகாத வீடு இல்லை. கையில் இருந்ததை எல்லாம் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வந்தான். எனக்குப் பையைத் தொட்டுக் காட்டினான்.

"என்ன செய்யப் போறாய்?" என்றேன்.

"மாமி சொல்லுறதைச் செய்யப் போறன்."

மலேசியாக்காரர் அவன் கையைப் பிடித்தார். "குணா, விளையாடாதப்பா. வெத்தல காசுக்கு விளையாடறது வேற, இது வேற. நான் எங்க ஆபீஸ் மேனேஜர்கிட்ட கடன் கேட்டுப் பாக்கறேன், ரெண்டு வாரம் குடு."

"ரெண்டு கிழமை ஆர் அண்ணை தாறது? நாளைக்கு. நாளைக்கெண்டால் நாளைக்கு."

"தோத்தா?"

"மாமி எப்ப அண்ணை பிழைச்சவ?"

மலேசியாக்காரர் கையை விட்டார். மாமி சொன்னது ஒருநாளும் பிழையானதில்லை.

அது அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். எதிர் அணி முன்னுக்கு நின்றது. அவர்களுடைய பதினாலாம் நம்பர் தனி ஆளாக நின்று போட்டுக்கொண்டிருந்தான். சிவப்புச் சப்பாத்து. மண்டபத்தில் வேறு யாரும் அந்த நிறம் போடவில்லை.

விசில் அடித்தது. கால்கள் வந்தன. நான் வாளியோடு சுவர்ப் பக்கம் ஒதுங்கி நின்றேன். குனிந்தால் ஷட்டருக்குக் கீழே மாமியின் முகம் தெரிகிற இடம் அது. எங்கள் அணி போனது. எதிர் அணி போனது. சிவப்புச் சப்பாத்தும் போனது. உடுப்பு அறைக் கதவு சாத்திய சத்தம் கேட்டது.

மாமி இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொரிடோரில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. மாமியின் கண் இடமிருந்து வலமாகப் போனது. திரும்ப இடத்துக்கு வந்து, திரும்பவும் வலத்துக்குப் போனது. உதடு மெல்ல அசைந்தது. கை முழங்காலில் இருந்து நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

"ஆர் தவறும் மாமி?" என்றான் குணம்.

மாமி நழுவிய கையை எடுத்துத் திரும்ப முழங்காலில் வைத்தார்.

"பதினாலு" என்றார். "பதினாலு தவறும்."

மலேசியாக்காரர் நிமிர்ந்தார். "என்னா மாமி, நம்பர் எல்லாம் சொல்றீங்க?"

குணம் நின்று கேட்கவில்லை. வாசலுக்குப் போய்ப் பையிலிருந்ததை முழுதாகப் பிறவுண் கோட்டின் கையில் வைத்தான். எங்கள் அணி வென்றால் மலர் வருவாள். அந்தாள் எண்ணிப் பார்த்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். ஷுவர்தானா என்று கேட்டார். குணம் தலையாட்டினான்.

நான் துடைக்கத் தொடங்கினேன். அன்று தண்ணீர் அதிகம். வியர்வை சொட்டுச் சொட்டாக விழும்; இது அப்படியில்லை. ஈரம் உடுப்பு அறைக் கதவைத் தாண்டி, கொரிடோரின் கடைசிச் சுவர் வரைக்கும் போனது. அந்தச் சுவரில் கதவு இல்லை. சேறும் இருந்தது. வாளித் தண்ணீர் கலங்கியது. ஊற்றிவிட்டு வேறு பிடித்தேன். திரும்பவும் துடைத்தேன்.

இரண்டாம் பாதியில் பதினாலு தவறவில்லை. தூரத்தில் நின்று எறிந்தான், போனது. விழுந்துகொண்டே எறிந்தான், போனது. ஒருமுறை எங்கள் ஆள் அவனைத் தள்ளிவிட, கண்ணை மூடிக்கொண்டு எறிந்த மாதிரி இருந்தது. அதுவும் போனது. மலேசியாக்காரர் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். குணம் இருக்கையில் இருக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆட்டம் முடிய அவன் நேரே ரீ யன்னலுக்கு வந்தான்.

"மாமி! வெளியிலை வாங்கோ."

உள்ளே குழாயில் தண்ணீர் ஓடியது.

"என்ர பெண்சாதி மாமி! விளங்குதே? என்ர பெண்சாதியின்ரை காசு! பதினாலு தவறும் எண்டு சொன்னனீங்களோ இல்லையோ?"

"சொன்னனான் மோனை."

"எங்கை தவறினது? எங்கை? ஒண்டாவது தவறினதே?"

ஷட்டரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து மேலே தூக்கினான். வருஷக்கணக்காக அசையாத தகரம். பெரிய சத்தத்தோடு ஒரேயடியாக மேலே போனது. மாமியின் முகம் வெளிச்சத்துக்கு வந்தது. நாங்கள் மூன்று பேரும் நின்றோம். மாமி யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால், நிலத்தைப் பார்த்தார். நான் துடைத்த இடத்தை.

"நான் சப்பாத்துச் சொல்லேல்லை மோனை" என்றார்.

"விசர்க் கிழவி" என்றான் குணம். ஷட்டரிலிருந்து கையை எடுத்தான். மலேசியாக்காரர் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போனார்.

மாமியை நான் பஸ் தரிப்பு வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். மழை இல்லை. காற்று மட்டும். கன நேரம் பஸ் வரவில்லை. மாமி தானாகக் கதைத்தார். அவர் தானாகக் கதைத்தது அந்த ஒரு முறைதான்.

"உங்கடை மாமா கடைசியாப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. வேலைக்கு, கந்தோருக்கு. நான் குசினிக்குள்ளை இருந்து பாத்தனான். சப்பாத்துப் போட்டுக்கொண்டுதான் வெளிக்கிட்டவர். நான்தான் துடைச்சுக் குடுத்தனான். ஆனால் வாசலைத் தாண்டேக்கை எனக்கு வெறுங்கால்தான் தெரிஞ்சது."

நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தேன்.

"கூப்பிட்டிருக்கலாம். என்னெண்டு சொல்லிக் கூப்பிடுறது?"

"வரேல்லையோ மாமி?"

"சப்பாத்து வந்தது."

பஸ் வந்தது. மாமி ஏறும்போது திரும்பினார்.

"இண்டைக்குக் கடைசியாப் போனதுகளிலை ஒண்டின்ரை காலிலையும் சப்பாத்து இல்லை தம்பி. எல்லாம் நனைஞ்சு கிடந்தது."

வீட்டுக்கு நடந்தேன். நடக்கும்போதுதான் சாவிக்காரரின் ஞாபகம் வந்தது. அன்றும் மாமி சப்பாத்துச் சொல்லவில்லை. எண்ணிக்கைதான் சொன்னார். இதை யாருக்குச் சொல்வது? குணத்துக்குச் சொல்ல ஏலாது. மலேசியாக்காரருக்குச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார். திரும்பவும் கழற்றினார்.

"இதெல்லாம் பேச வேணாம்ப்பா" என்றார்.

திங்கட்கிழமை போனது. குணம் காசு கட்டவில்லை. கூட்டம் மலர் இல்லாமல் வெளிக்கிட்டது. அவளுடைய இடத்தை ஏஜென்சிக்காரன் வெறுமையாக விடவில்லை. லொட்ஜில் பக்கத்து அறையில் நின்ற ஒரு பெட்டையின் அண்ணன் ஜெர்மனியில் இருந்தான், காசைக் கட்டிவிட்டான். போகும்போது அந்தப் பிள்ளை மலரிடம் வந்து, அக்கா, உங்களுக்கு வைச்ச இடத்திலை நான் போறன், கோவியாதையுங்கோ என்றாளாம். மலர் அழுது அழுது ஒரு வாரம் போனுக்கு வரவில்லை. குணம் பெற்றோல் ஷெட்டில் இரவும் பகலும் நின்றான். மண்டபப் பக்கம் வரவில்லை. மாமியின் பெயரை அவன் முன்னால் எடுக்க ஏலாது.

மண்டபத்தில் பட்மின்டன் நடந்தது. பிள்ளைகளுக்கு ஜூடோ நடந்தது. ரீ யன்னல் திறந்தபடி கிடந்தது. இப்போது எல்லோருடைய முகமும் மாமிக்குத் தெரியும். மாமி ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து இருந்தார். ஆள் வந்தால் பின்பக்கமாகக் கையை நீட்டிக் காசு வாங்கினார். பிள்ளைகள் பயந்தார்கள். மனேச்சர் என்னிடம் கேட்டார், அந்த அம்மாவுக்கு என்ன என்று. பல்லுக்குத்து என்றேன்.

வெற்றிலை நான் வாங்கிக் கொடுத்தேன். மணந்து பார்க்கவில்லை. அப்படியே மேசையில் வைத்தார்.

நானும் துடைப்பதை விடவில்லை. கொரிடோரின் அந்தக் கடைசி மூலை காயாமல் இருந்தது. குழாய் வெடித்திருக்கும் என்று கவுன்சிலுக்குச் சொன்னேன். வந்து பார்த்தார்கள். அந்தச் சுவருக்குள் குழாய் போகவில்லை என்றார்கள்.

பங்குனி போய், சித்திரை பிறந்த ஞாயிறு. நான் குசினிக்குள் நின்று வாளிக்குச் சுடுதண்ணி பிடித்துக்கொண்டிருந்தேன். மலேசியாக்காரர் வெளியே ரீக்கு நின்றார். ஆட்டம் இல்லாத நாளிலும் அவர் வரத் தொடங்கியிருந்தார். மாமியைத் தனியே விட மனமில்லை. வெளிக்கதவு திறந்தது. காலடிச் சத்தம் கேட்டது.

சுவரைப் பார்த்தபடியே மாமி சொன்னார். "குணம் வாறான்."

பிறகு என்னிடம், "தம்பி, உந்த ஷட்டரை இறக்கிவிடு" என்றார்.

கையை உயர்த்தி ஷட்டரைப் பிடித்து இழுத்தேன். வந்தது. பாதிக்கு வந்து, பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. மாமி ஸ்டூலைத் திருப்பிப் போட்டு இருந்தார்.

இடைவெளியில் மலேசியாக்காரரின் மினுக்கின சப்பாத்து தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் குணத்தின் பெற்றோல் ஷெட் பூட்ஸ் வந்து நின்றது. ஒரு காலின் லேஸ் கட்டவில்லை. ஓடி வந்திருக்கிறான்.

அவனுக்கு மூச்சு வாங்கியது.

"குணா, என்னாச்சு?" என்றது மலேசியாக்காரரின் குரல். "மலர் நல்லா இருக்காளா?"

"மலர் இருக்கிறாள் அண்ணை. லொட்ஜிலைதான் இருக்கிறாள். இப்பதான் கதைச்சனான்." திரும்பவும் மூச்சு வாங்கினான். "அந்தக் கூட்டம் அண்ணை. எல்லைக்குக் கிட்ட ஒரு ஆறு. ராத்திரி சின்னப் படகிலை ஏத்திவிட்டிருக்கிறாங்கள். பாரம் தாங்கேல்லை."

மாமி கோப்பையை எடுத்தார். ரீ ஊற்றினார். குணத்துக்கு எத்தனை சீனி என்று கேட்கவில்லை, தெரியும். கலக்கி, ஷட்டருக்குக் கீழால் தள்ளினார். அதை எடுக்கக் கை வரவில்லை.

"பக்கத்து அறைப் பெட்டையும்" என்றான் குணம். "அவளும்தான் அண்ணை. மலரின்ரை இடத்திலை போனவள்."

பூட்ஸ் இரண்டும் யன்னலுக்குக் கிட்ட வந்தன. நிலத்தில் நன்றாகப் பதிந்து நின்றன. மாமி அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"எத்தன பேருப்பா?" என்றார் மலேசியாக்காரர்.

"பதினாலு."